இரண்டாயிரம் மேற்கோள்கள்

ஜனவரி 11

அன்புள்ள சொட்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அண்ணியும் சுகம். உன் சுகம் உன் முதுகைப் பொறுத்தது என்பது தெரியும். முதுகையும் விசாரித்ததாகச் சொல். போனில் நீ மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, காகிதத்தில் மூன்று பக்கம் எழுதுகிறாய். அதனால் இந்தப் பழைய வழக்கத்தை நான் விடுவதாக இல்லை.

செய்தி இதுதான். போன வியாழக்கிழமை நம் நொதிக் கட்டுரை இரண்டாயிரம் மேற்கோள்களைத் தொட்டது. உலகத்தில் இரண்டாயிரம் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையின் முதல் பத்தியில் நம் மூவர் பெயரையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மேலே போயிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டு என் சந்தோஷத்தைக் கெடுக்காதே. ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் நீட்டும் விசிட்டிங் கார்டை நாம் படித்தா சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறோம்?

இயக்குநர் கேக் வெட்டினார். கடைக்காரர் அவசரத்தில் 200 என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இயக்குநர் சற்றும் கலங்காமல் ஓரத்துக் கிரீமை விரலால் வழித்து இன்னொரு சுழியைப் போட்டார். எங்கள் நிறுவனத்தில் எண்கள் இப்படித்தான் வளர்கின்றன என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நான்தான்.

அந்தக் கட்டுரையின் பெயர் வரிசையை மறுபடி பார்த்தேன். முதலில் நாம் ஒட்டகம் என்று கூப்பிட்ட என் மாணவன், நடுவில் நீ, கடைசியில் நான். முதல் பெயர் பட்டம் வாங்க வேண்டியவனுக்கு, கடைசிப் பெயர் அறைச் சாவி வைத்திருப்பவனுக்கு, நடுப்பெயர் வேலை செய்தவருக்கு. இருபத்திரண்டு வருடமாகியும் இந்த இலக்கணம் மாறவில்லை. ஒட்டகம் இப்போது அடுக்குமாடி வீடுகள் விற்கிறான். ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "சார், அந்தக் கட்டுரையாலதான் எனக்கு முதல் வேலை கிடைச்சுது. அதுக்கப்புறம் அதைத் திறந்துகூடப் பார்க்கல" என்றான். நேர்மையான ஆள்.

அக்டோபரில் தேர்வுக் குழு கூடுகிறது. ஓய்வுக்குப் பிறகும் ஐந்து வருடம் ஆய்வகத்தை வைத்துக்கொள்ளத் தகைசால் பேராசிரியர் என்று ஒரு பதவி இருக்கிறது. இடம் ஒன்று, ஆசைப்படுகிறவர்கள் நான்கு பேர். கிடைக்காவிட்டால் எனக்கென்று அண்ணி வெங்காயம் உரிக்கும் பதவி ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறாள். அதற்குத் தேர்வுக் குழு கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்தது. இரண்டாயிரத்துக்கு வாழ்த்துகள். அண்ணியை நான் மிகவும் கேட்டதாகச் சொல். முதுகுக்கும் உன் விசாரிப்பைச் சொன்னேன். பதில் சொல்லவில்லை, நிமிரவும் இல்லை.

உனக்கு ஒரு செய்தி. உன் நொதி எங்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டது. கணையப் புற்றை முன்கூட்டிச் சொல்லும் சோதனை என்று ஒரு கம்பெனி டப்பாவில் அடைத்து விற்கிறது. டப்பாவின் முதுகில் நம் கட்டுரையின் பெயர் போட்டிருக்கிறது. என் பெயரையும் பொடி எழுத்தில் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு. வேலை சுலபம். நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி மேலே தெளியும் நீரில் மருந்தை விட்டால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் முப்பதுக்கு மேல் ஏறினால் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். கீழே இருந்தால் 'இயல்பு' என்று அடித்து நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது குழாய்.

இரண்டு மாதமாகச் செய்கிறேன். ஒன்று மனதில் உறுத்துகிறது. சோதனைக்கு வருபவர்களில் கன்னம் பளபளக்கும் ஆட்களுக்கெல்லாம் மஞ்சள் ஏறுகிறது. எலும்பும் தோலுமாக வருபவர்கள் எல்லோரும் 'இயல்பு'. ஆக, கொழுத்தவர்களை வரிசையாக ஸ்கேன் அறைக்கும் இளைத்தவர்களை வரிசையாக வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார்.

எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருக்கும் தையல்காரம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் இல்லையா? என் வெள்ளைக் கோட்டுக்குப் பித்தான் வைத்துத் தருபவர், பித்தானோடு பத்து வார்த்தை திட்டும் சேர்த்து. ஆறு மாதத்தில் பாதியாகிவிட்டார். தன் உடுப்பையே இரண்டு முறை பிடித்துத் தைத்துக்கொண்டார். முதுகுக்குள் வலி என்கிறார். நான்தான் வற்புறுத்தி அழைத்துப்போய் ரத்தம் எடுத்தேன். பதினொன்று. இயல்பு. நானே கையெழுத்துப் போட்டேன். டாக்டர் வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பார்த்தியா, நீதான் என்னைச் சாகடிக்கப் பார்த்தே" என்று தையல்காரம்மா என்னைக் கிண்டல் செய்தபடி வீட்டுக்கு வந்தார்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அந்தக் காலத்தில் நம் நொதியை ஃப்ரீசரில் வைக்கும்போது கெடாமல் இருக்க அல்புமின் சேர்த்தோம், எல்லோர் ரத்தத்திலும் இருக்கும் அந்தச் சாதாரணப் புரதத்தை. கன்ட்ரோல் குழாய்களிலும் சேர்த்தோமா? உனக்கு ஞாபகம் இருக்கிறதா? என் பழைய நோட்டு பரணில் இருக்கிறது. ஏற முதுகு விடவில்லை.

அன்புள்ள தங்கை,
சொட்டு


மார்ச் 19

அன்புள்ள சொட்டுவுக்கு,

கடிதம் கண்டேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எந்தக் குழாயில் எதை விட்டோம் என்று கேட்கிறாய். போன வாரம் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்டிருந்தாலும் இதே பதில்தான்.

விளையாட்டு இருக்கட்டும். கன்ட்ரோலில் எல்லாம் சேர்த்திருப்போம். சேர்க்காமல் விட நாம் என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா? நொதி இருக்கும் குழாய், நொதி இல்லாத குழாய், மற்ற எல்லாம் ஒன்றே. இது பால பாடம். நானே உனக்குச் சொல்லிக் கொடுத்தது. மேலும் அது நம்மோடு நிற்கவில்லை. கம்பெனிக்காரன் நூறு நோயாளிகளிடம் பார்த்துச் சரி என்றான். நூறு பேர் பொய்யா சொல்வார்கள்?

இன்னொன்று. அந்தச் சோதனை டப்பாவைச் செய்தது நான் இல்லை. நான் ஒரு நொதியைக் கண்டுபிடித்தேன். அதை எவனோ டப்பாவில் அடைத்தான். கடப்பாரையைச் செய்த கொல்லனிடம் திருட்டுக் கேஸைப் பற்றி விசாரிப்பது போல இருக்கிறது உன் கடிதம்.

நல்லவேளை, இதைக் காகிதத்தில் எழுதினாய். எங்கள் மின்னஞ்சல் எல்லாவற்றையும் நிறுவனம் சேமித்து வைக்கிறது. இந்த விஷயம் பற்றி எழுதுவதானால் தபாலிலேயே எழுது. பயம் ஒன்றும் இல்லை, ஒரு ஒழுங்குக்காகச் சொல்கிறேன்.

அண்ணிக்கு இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. சமையல் தன்னுடையது என்பதால் குறை சொல்லவும் ஆள் இல்லாமல் தவிக்கிறாள். பரணில் ஏறாதே.

அன்புடன்,
அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

பரணில் ஏறினேன்.

நோட்டு கிடைத்தது. கரப்பான் தின்றது போக மிச்சம் தெளிவாக இருக்கிறது. அந்த வருடம் பிப்ரவரியில்தான் நாம் அல்புமின் சேர்க்கும் பழக்கத்தைத் தொடங்கினோம். அதற்கு முன் வைத்த நொதியெல்லாம் ஃப்ரீசரில் செத்துப்போனதால் ஒட்டகம் கொண்டுவந்த யோசனை அது. ஆனால் கன்ட்ரோல் குழாய்களை அவன் ஜனவரியிலேயே இருநூறு செய்து நீலப் பெட்டியில் அடுக்கிவிட்டான். மிச்சம் பிடிக்கும் ஆள் இல்லையா? வீணாக்க வேண்டாம் என்று கடைசிவரை அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்தோம். எடுத்தது நான். என் கையெழுத்தில், தினமும், 'கன்ட்ரோல் – நீலப் பெட்டி'.

நீ நோட்டைப் பார்த்தாய், ஓரத்தில் உன் டிக் இருக்கிறது. நானும் பார்த்தேன். ஒட்டகமும் பார்த்தான். மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் விடுப்பு எடுத்து மருத்துவமனை ஆய்வகத்தின் மூலையில் செய்து பார்த்தேன். நொதியே இல்லாமல், வெறும் அல்புமினில் அந்த மருந்தை விட்டேன். மஞ்சள் வந்தது. நம் கட்டுரையின் மூன்றாம் படத்தில் இருக்கும் அதே கோடு. பன்னிரண்டு முறை செய்தேன், அல்புமினை மூன்று இடத்திலிருந்து வாங்கி. கோடு நகரவே இல்லை. நாம் கண்டுபிடித்தது அல்புமினை, அண்ணா. அதை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கம்பெனியின் நூறு நோயாளிகளையும் தேடிப் படித்தேன். எல்லோரிடமும் ரத்தம் எடுத்தது அறுவை சிகிச்சைக்குச் சற்று முன். எல்லோருக்கும் அதற்கு முந்தின நாள் தெம்புக்காக அல்புமின் சொட்டு ஏற்றியிருக்கிறார்கள். அது பின்னிணைப்பில், பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு மேற்கோள் ஏதும் இல்லை.

ஆக இந்தச் சோதனை சொல்வது, ஒருவர் நன்றாகச் சாப்பிடுகிறாரா என்பதை மட்டும்தான். நோய் முற்ற முற்ற உடம்பில் அல்புமின் இறங்கும், மஞ்சளும் இறங்கும். சாகக் கிடப்பவர்தான் மிக மிக இயல்பு.

தையல்காரம்மாவுக்கு மறுபடி பார்த்தேன். எட்டு. டாக்டரிடம் போய் ஸ்கேனுக்குக் கையெழுத்துக் கேட்டேன். எங்கள் மருத்துவமனையில் அவர் கையெழுத்து இல்லாமல் அந்த அறைக் கதவு திறக்காது, வெளியே எடுக்கத் தையல்காரம்மாவுக்கு வசதி இல்லை, என்னிடம் பணம் வாங்கிக்கொள்ளவும் மறுக்கிறார். டாக்டர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கணினியைத் திருப்பி உன் கட்டுரையைக் காட்டினார். "மேடம், ரெண்டாயிரம் பேர் ஒத்துக்கிட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர் இல்லேங்கறீங்க. நான் யாரை நம்பட்டும்?" நானும் அந்தக் கட்டுரையை எழுதியவள்தான் என்றேன். நடுப்பெயர்தானே என்றார்.

இரண்டு காரியம் செய், அண்ணா. ஆய்விதழுக்கு எழுதி அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறு. நானும் கையெழுத்துப் போடுகிறேன், பிழை என் கையால் நடந்தது என்றே எழுது. அதற்கு மாதங்கள் ஆகும், தெரியும். அதனால் முதலில் இன்னொன்று: எங்கள் டாக்டருக்கு ஒரு வரி எழுதிக் கொடு. 'இந்தச் சோதனையின் இயல்பு அளவை மட்டும் நம்பி ஸ்கேனை மறுக்க வேண்டாம்.' உன் பெயர், உன் கையெழுத்து. அவ்வளவுதான். அவர் உன்னை நம்புவார்.

சீக்கிரம் எழுது. அண்ணி இப்போது சாப்பிடுகிறாரா?

தங்கை,
சொட்டு


ஜூன் 4

அன்புள்ள சொட்டுவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். என் மாணவர்கள் யாரும் என் கட்டுரைகளை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. நானும்தான்.

உன் வேலை சுத்தமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு முறை என்பது அறிவியலில் ஒரு முறைதான், ஒரே ஆள் ஒரே மூலையில் செய்தால். வேறு யாராவது வேறு இடத்தில் செய்து பார்க்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். நான் செய்யமாட்டேன் என்று சொல்லவில்லை.

இங்கே என் நிலையையும் பார். இந்த நொதியின் மேல் பதினோரு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அதில் நான்கு பேர் பேராசிரியர்கள், ஒருத்தி துறைத் தலைவி. அவர்களுக்குக் கீழே அவர்கள் பிள்ளைகள். நான் ஒரு செங்கல்லை உருவினால் மூன்று மாடியில் ஆள் குடியிருக்கிறது. ஒவ்வொருவரும் அதே கோட்டைப் பார்த்தார்கள். பார்ப்பார்கள்தானே, எல்லோரும் என் நீலப் பெட்டி வழக்கத்தையே பின்பற்றினார்கள். பழைய கன்ட்ரோலை வீணாக்காதே என்று ஆய்வகச் சுவரில் நானே ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது நிமிர்ந்து பார்த்தால் அதுதான் கண்ணில் படுகிறது.

அக்டோபர் முடியட்டும். தேர்வுக் குழு கூடட்டும். ஐந்து வருடம் ஆய்வகம் கையில் இருந்தால் நானே முறையாக மறுபரிசோதனை செய்து, 'முந்தைய முடிவுகளின் மறுபார்வை' என்று மரியாதையாக எழுதுகிறேன். ஆய்வகம் போய்விட்டால் அதைச் செய்ய எனக்கு இடம் ஏது? யோசித்துப் பார்த்தால் அந்தப் பதவி எனக்குக் கிடைப்பது உன் உண்மைக்கே நல்லது.

டாக்டருக்கு ஒரு வரி கேட்டாய். என் கையெழுத்தோடு வெளியே போகும் ஒரு வரியும் ஆவணம்தான், சொட்டு. நான்கு பேர் போட்டியிடும் வருடத்தில் அது எந்த மேஜையில் போய் உட்காரும் என்று உனக்குத் தெரியாது. மேலும் ஒரே சோதனையை நம்பி ஆளை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவருக்கு என் கடிதம் மட்டும் புத்தி கொடுத்துவிடுமா? நீயே இன்னொரு முறை அவரிடம் பேசு. உனக்குப் பேச வரும்.

அண்ணி கொஞ்ச நாள் அவள் அக்கா வீட்டில் இருப்பாள். ஓய்வு தேவைப்படுகிறது. போன் செய்து களைப்பாக்காதே.

அன்புடன்,
அண்ணன்


செப்டம்பர் 9

அண்ணா,

தையல்காரம்மா செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார்.

ஜூலையில் மஞ்சள் காமாலை வந்தது. அதற்கு மேல் டாக்டரால் மறுக்க முடியவில்லை. ஸ்கேனில் கணையம் முழுக்க இருந்தது, ஈரலிலும் இருந்தது. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று அறுவை டாக்டர் சொன்னார். மார்ச்சில் வந்தார் என்றேன். ரிப்போர்ட்டைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கடைசி வாரம் என்னிடம், "உன் சோதனை நல்ல சோதனைதான். நாலு மாசம் நிம்மதியா இருந்தேன்ல" என்றார். கிண்டலா, ஆறுதலா, தெரியவில்லை. அவர் அப்படித்தான் பேசுவார்.

மெஷினுக்குப் பக்கத்தில் சாக்கட்டிக் கோடு போட்ட துணிகள் அடுக்கி இருக்கின்றன. ஆட்கள் வந்து அவரவர் துணியைத் தேடி எடுத்துப் போகிறார்கள். வெட்டிய துணியை வேறு தையல்காரர் தொடமாட்டார் என்று ஒருவர் என்னிடம் குறைப்பட்டார்.

'இயல்பு' என்று அடிக்கும் தாளில் கையெழுத்துப் போடுவதை ஜூன் மாதமே நிறுத்திவிட்டேன். எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட வேறொரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். என்னைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு மாற்றிவிட்டார்கள்.

சொட்டு


அக்டோபர் 17

அன்புள்ள சொட்டுவுக்கு,

தையல்காரம்மாவின் சேதி மனதைப் பிசைந்தது. உடனே எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் நாள் ஓடிவிட்டது. அந்த நோய் அப்படிப்பட்டது. முன்பே தெரிந்தாலும் தப்பிப்பவர்கள் குறைவு. நீ உன்னையே வருத்திக்கொள்ளாதே.

உன் அண்ணன் தகைசால் பேராசிரியர் ஆகிவிட்டான். குழுவில் ஒருவர் என் ஆய்வைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். எந்த நொதி என்பதைத் தவிர எல்லாம் சரியாகச் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதி விழா. இயக்குநர் என் படத்தை வாசலில் 'நம் பெருமை' என்ற பலகையில் மாட்டியிருக்கிறார். படத்தில் நான் ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறேன். குழாயில் ஒன்றும் இல்லை. புகைப்படக்காரர் அவசரப்படுத்தினார்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அண்ணி அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஜூனில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. கணையத்தின் வால் பக்கம் சின்னக் கட்டி, கொட்டைப்பாக்கு அளவு. முழுதாக எடுத்துவிட்டார்கள். நல்ல நேரம், ஆரம்பத்திலேயே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னை அதட்டுகிறாள். எல்லாம் முடிந்தபின் சொல்லலாம், சொட்டுவுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை என்று அவளேதான் சொன்னாள். நீ வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

மறுபரிசோதனையை ஜனவரியில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். புது ஃப்ரீசர் வர வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்


நவம்பர் 4

அண்ணா,

ஒன்றாம் தேதி வந்திருந்தேன். நீ விழா மேடையில் இருந்தாய். நான் வீட்டில் அண்ணியோடு இருந்தேன். போகிறேன் என்று உனக்குச் சொல்லவில்லை. அண்ணி தேறியிருக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி உண்மையானது, அதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்தபின் நீ அதை நம்பாமல் போகலாம்.

அண்ணி தன் மருத்துவ ஃபைலை எடுத்துக் காட்டினார். என் தொழில் பழக்கம், முதல் தாளிலிருந்து படித்தேன். முதல் தாள் நம் சோதனை. உன் நிறுவனத்திலேயே எடுத்தது, மே இருபத்தைந்து. அளவு பன்னிரண்டு. இயல்பு.

இரண்டாவது தாள் ஸ்கேன் சீட்டு, மே இருபத்தேழு. 'பரிந்துரைக்கும் காரணம்' என்ற கட்டத்தில் உன் சிநேகித டாக்டர் எழுதியிருக்கிறார்: 'ரத்த அளவு இயல்பு. அது நம்பத்தக்கதல்ல என்று கணவர் சொல்வதால்.'

என் கடிதம் மே இருபதில் எழுதியது. இருபத்துநான்கில் உன் கைக்கு வந்திருக்கும். மறுநாள் ரத்தம் எடுத்தாய். அதற்கு மூன்றாம் நாள் ஸ்கேன். ஜூன் நான்காம் தேதி உட்கார்ந்து, பன்னிரண்டு முறை என்பது ஒரு முறைதான் என்று எனக்கு எழுதினாய். அன்றைக்கு ஸ்கேன் முடிவு உன் மேஜையில் இருந்திருக்கும். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பாய்.

அண்ணிக்கு ஸ்கேன் எடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கடிதத்தால் ஒருவராவது பிழைத்தார். ஆனால் நீ என்னை நம்பவில்லை என்றுதான் ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் எங்காவது ஓட்டை இருக்குமோ என்று மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். நம்பாதவனை மன்னிக்கலாம், அறிவியலில் அது ஒரு தகுதி. நீ முதல் நாளே நம்பிவிட்டாய். உலகத்தில் இந்தச் சோதனை பொய் என்று தெரிந்த இரண்டு பேரில் நீ ஒருவன். நான் கேட்ட அந்த ஒரு வரியை வேறொரு டாக்டரிடம் வாயால் சொல்லியிருக்கிறாய். தையல்காரம்மாவுக்கு உயிர்வேதியியல் படித்த கணவர் இல்லை.

அண்ணி நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. நோட்டு, நீலப் பெட்டி, தையல்காரம்மா, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தார்.

ஆய்விதழ் ஆசிரியருக்கு இன்று எழுதிவிட்டேன், நோட்டின் பக்கங்களையும் என் பன்னிரண்டு முறைகளையும் இணைத்து. கட்டுரையைத் திரும்பப் பெற எழுதியவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டுமாம். ஒட்டகத்திடம் கேட்டேன். எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டான். உன் கட்டம் காலியாக இருக்கிறது. நீ போடாவிட்டால் 'ஓர் ஆசிரியர் உடன்படவில்லை' என்று சேர்த்து அச்சிடுவார்கள். உன் விருப்பம்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் பதில் வராது.

தங்கை


ஆகஸ்ட் 22

அன்புள்ள சொட்டுவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். ஒன்பது மாதம் கேட்டு நடந்தேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. ஒரு தகவல் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆய்விதழ். கையெழுத்து நவம்பர் இருபதில் போட்டேன். மனம் திருந்திப் போட்டதாக நினைத்து என்னைப் பெருமைப்படுத்திவிடாதே. விழாவன்று மாலையை மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணி பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் எதுக்கு ஸ்கேன் எடுத்தீங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அறுபத்தைந்து வயதுவரை கருத்தரங்குகளில் எத்தனையோ கேள்விகளைச் சமாளித்திருக்கிறேன். நல்ல கேள்வி, அதைப் பிறகு பார்ப்போம் என்பேன். அன்றைக்கு அதுவும் வரவில்லை. அடுத்த மூன்று வாரம் தினமும் சாப்பாட்டு வேளையில் அதே கேள்வியைக் கேட்டாள், உப்பு போதுமா என்று கேட்பது போல. இருபதாம் தேதி உன் படிவத்தை எடுத்தேன். போட்டால் கேள்வி நிற்கும் என்று நினைத்தேன். கேள்வி நின்றது, பேச்சும் நின்றது.

திரும்பப் பெறும் அறிவிப்பு ஜூனில் வந்தது. கட்டுரை ஒன்பது பக்கம், அறிவிப்பு ஐந்து வரி. அதற்குப் பிறகும் முப்பத்தொரு புதுக் கட்டுரைகள் நம்மை மேற்கோள் காட்டியிருக்கின்றன. 'ஐயமற நிறுவப்பட்டது' என்று ஒன்று சொல்கிறது. நான் அவர்களுக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் கவனிப்பதாகப் பதில் வந்தது. சோதனை டப்பாவை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்கும் எழுதினேன், உன் மருத்துவமனைக்கும் எழுதினேன். நீ கேட்ட அதே வரி, உன் வார்த்தைகளிலேயே. டாக்டர் மரியாதையாகப் பதில் போட்டார், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டு.

பதவியை எடுத்துவிட்டார்கள். பலகையிலிருந்து படத்தையும் எடுத்துவிட்டார்கள். பதினோரு பேரில் மூன்று பேர் என்னோடு பேசுகிறார்கள். அதில் ஒருத்தி திட்டுவதற்காகப் பேசுகிறாள். துறைத் தலைவியாக இருந்தவள். இப்போது இல்லை.

தகவல் இதுதான். அண்ணிக்குக் கட்டி மறுபடி வந்திருக்கிறது, இந்த முறை ஈரலில். போன வாரம் தெரிந்தது. டாக்டர்கள் எட்டு மாதம் என்கிறார்கள், இயக்குநர் போல ஒரு சுழியைச் சேர்க்க யாரும் இல்லை. இருக்கிற மாதங்களை உன்னோடு இருக்கப்போவதாகச் சொல்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ சரி என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். நீங்கள் இருவரும் இத்தனை நாளாகப் போனில் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மூன்று வார்த்தைக்கு மேல் பேசியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறாள். மருந்துகளை வேளைவாரியாகப் பிரித்து, உறையில் போட்டு, மேலே எழுதி வைத்திருக்கிறேன். பெட்டியில் இடது பக்கம் இருக்கும். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்தால் குமட்டும். ஜன்னல் ஓரம் சீட்டு போட்டிருக்கிறேன். சீட்டுவரை வந்து ஏற்றிவிட மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்பலாம் என்று நீட்டினேன். வாங்கவில்லை. தபாலில் போடுகிறேன். இது உன் கைக்கு வரும்போது அவள் வந்து சேர்ந்திருப்பாள்.

அண்ணன்